கேட்டது 64 கேபி

அந்த ஒரு சொல்லை மாற்ற எனக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவர் கோடில், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் நினைவகம் கேட்கும் கேமாலாக் ஃபங்ஷனுக்கு ஒரு அழைப்பு. அதில் ஜிஎஃப்பி கெர்னல் ("தேவைப்பட்டால் காத்திருக்கிறேன்") என்று இருந்த கொடியை ஜிஎஃப்பி அட்டாமிக் என்று மாற்றினேன். சோதனை போர்டில் "தூங்கக்கூடிய (அதாவது காத்திருக்கக்கூடிய) ஃபங்ஷனைத் தூங்கக்கூடாத இடத்திலிருந்து கூப்பிடுகிறாய்" என்ற பொருளில் கெர்னல் ஒரு பெரிய பக் செய்தியைக் கக்கிக்கொண்டே இருந்தது. சொல்லை மாற்றியதும் செய்தி நின்றது. கமிட் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் அந்தப் பத்து நொடி என்னை விட்டுப் போகவில்லை. கெர்னலுக்குள் நினைவகம் கேட்பது பற்றி எனக்கு இன்று இருக்கும் கருத்துகள் எல்லாமே அந்த இடத்திலிருந்து கிளைத்தவைதான், அதனால் அதை எழுதிப் பார்க்கிறேன்.

பெட்டி சின்னது. 32 பிட் ஆர்ம் போர்டு, 512 எம்பி ராம், லினக்ஸ் 4.19. ஆலைகளில் பெரிய மோட்டார்களின் அதிர்வை அளந்து பதிவு செய்வது அதன் வேலை. சென்சாரிலிருந்து டிஎம்ஏ வழியாக (சிபியு தொடாமலே) ஒரு சிறிய வளைய பஃபருக்குத் தரவு வந்து சேரும். ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தவணைத் தரவு, நிறைந்ததும் குறுக்கீடு வரும், அது ஒரு டாஸ்க்லெட்டை (குறுக்கீட்டின் மிச்ச வேலையை உடனே முடிக்கும் சிறு கெர்னல் ஃபங்ஷனை) ஓடவிடும். டாஸ்க்லெட் புதிதாக ஒரு பஃபர் வாங்கி, ஃபிரேமை அதில் நகலெடுத்து, வரிசையில் கோர்த்து வைக்கும். மேலே யூசர்ஸ்பேசில் (கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் இடத்தில்) ஒரு நிரல் ரீட் செய்து எடுத்துக்கொள்ளும். ஒரு ஃபிரேம் 64 கேபி, வினாடிக்கு இருபது. டாஸ்க்லெட்டுக்குள் தூங்க முடியாது என்பதால்தான் கெர்னல் அப்படிக் கத்தியது. அட்டாமிக் கொடியோ "நான் காத்திருக்க மாட்டேன், இருந்தால் இப்போதே கொடு" என்று சொல்வது. கெர்னல் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் கையிருப்பிலும் கொஞ்சம் கைவைக்க அதற்கு அனுமதி உண்டு. ஆகவே பொருத்தமான கொடியைத்தான் போட்டிருக்கிறேன் என்று நம்பினேன். கொடியை மட்டும் பார்த்தால் அது உண்மையும்கூட.

ஆய்வகத்தில் நாலு நாள் ஓடவிட்டோம், ஒரு பிசகும் இல்லை. களத்தில் 23ஆம் நாள், ஒரு ஆலையிலிருந்து வந்த வரைபடத்தில் அங்கங்கே ஓட்டை. அரை வினாடி, ஒரு வினாடி, சில இடங்களில் ஐந்து வினாடி அளவுக்குத் தரவே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சென்சாரும் வேலை செய்தது. பெட்டிக்குள் ஃபிரேம்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. என் கோடில் பஃபர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன்: நல் (NULL, "இல்லை" என்ற பதில்) வந்தால் திரும்பிப் போ.

லாக்கின் கடைசி வரி

பெட்டியின் கெர்னல் லாக்கை வாங்கிப் பார்த்தபோது "பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர்:5" என்று இருந்தது. அதைப் பார்த்ததும் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: ஃப்ரீ மெமரி எவ்வளவு என்று தேடினேன். 152 எம்பி காலி. பாதி விளங்கியும் விளங்காமலும் ராம் பற்றாக்குறை இல்லை என்று முடிவுகட்டி, மின் ஃப்ரீ கேபைட்ஸ் (min_free_kbytes, கெர்னல் எப்போதும் காலியாக வைத்திருக்க முயலும் கையிருப்பு) அளவை உயர்த்தினேன். 512 எம்பி பெட்டியில் அது இயல்பாக 2,900 கேபிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதை 16,384 ஆக்கி அனுப்பினோம். இந்தத் தடவை 31 நாள் தாங்கியது. அப்புறம் அதே ஓட்டைகள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெட்டியை ரீபூட் செய்யலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். அந்த யோசனைக்கு நானே கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு அண்ணன் இருந்தார். வயதில் மூத்தவர், யூனிக்ஸ் காலத்து ஆள், பேச்சு குறைவு. அவர் என் திரைக்கு முன்னால் நின்று அந்த லாக்கை மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் படித்தது முதல் வரியையும் காலி நினைவகத்தின் எண்ணையும் மட்டும். அவர் கடைசிக்குப் பக்கத்தில், எந்த அளவில் எத்தனை காலித் துண்டு என்று சொல்லும் ஒரு வரியில் விரலை வைத்தார். இன்றைக்கும் அதை அப்படியே எழுத முடியும்: நார்மல்: 21874×4 கேபி, 6120×8 கேபி, 1033×16 கேபி, 88×32 கேபி, 7×64 கேபி, 0×128 கேபி, 0×256 கேபி, அதற்கப்புறம் 4096 வரைக்கும் எல்லாமே பூஜ்யம். மொத்தம் 156248 கேபி.

"எவ்வளவுப்பா கேட்ட?" என்றார்.

"64 கேபி அண்ணா."

"ஆர்டர் அஞ்சுன்னா எவ்வளவு?"

கெர்னல் நினைவகத்தைப் பக்கம் என்ற அலகில் பங்கிடும். ஆர்டர் 5 என்றால் இரண்டின் ஐந்தாம் அடுக்கு, 32 பக்கம். பக்கத்துக்கு 4 கேபி வீதம் 128 கேபி. அந்த எண்ணை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன், ஒரு தடவைகூடப் பெருக்கிப் பார்க்கவில்லை. பஃபரின் அமைப்பைச் சொல்லும் ஸ்ட்ரக்ட்டைத் திறந்தோம். 64 கேபி தரவு, அதற்கு முன்னால் நேரமுத்திரை, வரிசை எண், லிஸ்ட்டில் கோர்க்கும் கொக்கி என்று 32 பைட் தலைப்பு. ஆக 65,568 பைட். 4.19இல் கேமாலாக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்லப் (SLUB) அலோகேட்டர் 8 கேபிக்கு மேல் கேட்டால் தன் கையில் இருக்கும் சின்னத் துண்டுகளில் தேடாது, நேரே பக்க அலோகேட்டரிடம் தள்ளிவிடும். பக்க அலோகேட்டருக்கு இரண்டின் அடுக்குகள்தான் தெரியும். 65,536க்கு மேல் ஒரே ஒரு பைட் போனாலும் அடுத்த அடுக்கு, 131,072. அந்த 32 பைட்டுக்காக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 64 கேபி சும்மா ஒதுக்கிக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, காலியில் 64 கேபி துண்டு ஏழு இருந்தன. தலைப்பைத் தனியாக வைத்திருந்தால் அந்த ஏழில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கக்கூடும்.

பந்தியில் காலி இலை

அந்தப் பக்க அலோகேட்டர், அதாவது பட்டி (buddy) அலோகேட்டர், எப்படி வேலை செய்கிறது என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. கென்னத் நோல்ட்டன் 1965இல் அதை எழுதினார். பெரிய துண்டைப் பாதிபாதியாக உடைத்துக் கொடு, திரும்பி வந்தால் பக்கத்துத் துண்டும் காலியாக இருக்கிறதா பார், இருந்தால் ஒட்டிவிடு. நானும் படித்ததுதான். ஆனால் 21874×4 கேபி என்ற எண்ணைப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது. கல்யாணப் பந்தியில் நாற்பது இலை காலியாக இருக்கும். ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. குடும்பமாக எட்டுப் பேர் வந்து "சேர்ந்து உட்காரணும்" என்றால் இடமில்லை. பரிமாறுகிறவர் காலி இலையைக் கூட்டிச் சொன்னால் நாற்பது, கேட்கிறவருக்குக் கிடைப்பது பூஜ்யம். 152 எம்பி காலி என்பது பரிமாறுகிறவரின் கணக்கு.

ஏன் இப்படிச் சிதறியது என்பதற்கும் பந்தியே பதில் சொல்லும். இன்னும் இலையில் எதுவும் விழாதவரை "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லலாம். சாப்பிட ஆரம்பித்தவரை எழுப்ப முடியாது. யூசர்ஸ்பேசின் பக்கங்கள் முதல் வகை. எந்த முகவரி எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் பேஜ் டேபிளைத் திருத்திவிட்டு இடத்தை மாற்றிக்கொள்ளலாம், நிரலுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் தனக்கென்று கேமாலாக் செய்தது இரண்டாவது வகை. அதன் முகவரியை யார் யாரோ சுட்டியில் பிடித்து வைத்திருப்பார்கள், நகர்த்த வழியில்லை. 128 கேபி நீளத்துக்கு நடுவில் அப்படி ஒரே ஒரு 4 கேபி பக்கம் உட்கார்ந்துவிட்டால் அந்த நீளம் முழுதும் போச்சு. நகர்த்தக்கூடியவர்களை ஒரு பக்கமாக ஒதுக்கும் கம்பாக்‌ஷன் வேலையைக் கெர்னல் செய்யும், ஆனால் கெர்னல் இமேஜ் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக எங்கள் கான்ஃபிகில் அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அணைக்காமல் இருந்தாலும் அட்டாமிக் கொடியோடு கேட்கிறவருக்காகக் கெர்னல் அந்த இடத்திலேயே நின்று ஒதுக்கித் தராது. காத்திருக்க மாட்டேன் என்று சொன்னதே நான்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஆய்வகத்தில் நாலு நாள் ஓடியது எதையும் நிரூபிக்கவில்லை என்பதற்காக. புதிதாக பூட் ஆன பெட்டியில் எல்லா இலையும் காலி. அன்றைக்கு ஆர்டர் 5 என்ன, ஆர்டர் 10 கேட்டாலும் கிடைக்கும். நினைவகம் சிதறுவதற்கு நாள் கணக்கில் ஓட வேண்டும், கோப்பு எழுத வேண்டும், நெட்வொர்க் வந்து வந்து போக வேண்டும். நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இது பழைய கதை. 9000 பைட் ஜம்போ ஃபிரேமை (பெரிய நெட்வொர்க் பாக்கெட்டை) தொடர்ச்சியான ஒரே துண்டில் வாங்க முயன்றால், கூடவே வரும் மற்ற பாரத்தையும் சேர்த்து 8 கேபியைத் தாண்டி 16 கேபிக்குப் போய்விடும், ஆர்டர் 2. அதற்கே பழைய டிரைவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால்தான் பக்கம் பக்கமாக வாங்கிப் பாக்கெட்டில் துண்டுகளாகத் தொங்கவிடும் பழக்கம் வந்தது. ஆர்டர் 2க்கே அந்த நிலைமை என்றால், ஆர்டர் 5ஐ டாஸ்க்லெட்டில் நின்றுகொண்டு வினாடிக்கு இருபது தடவை கேட்டது என்ன மாதிரியான எதிர்பார்ப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

"நீ எங்க நிக்கிற?"

ஆர்டர் விஷயம் புரிந்ததும் நான் உடனே சொன்னேன்: "அப்போ தலைப்பைத் தனியா எடுத்துடலாம் அண்ணா. 64 கேபி ஆயிடும், ஆர்டர் 4. சரியாயிடும்ல?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அதையும் செய். ஆனா நான் கேக்குறது வேற. இது இல்லைன்னு சொல்ற நேரத்துல நீ எங்க நிக்கிற?"

"டாஸ்க்லெட்ல."

"அங்க உன் பக்கத்துல யார் இருக்கா? யார்கிட்ட போய் சொல்லுவ?"

யாருமில்லை. அதுதான் விஷயம். டாஸ்க்லெட்டை யாரும் கேள்வி கேட்டு ஓட்டவில்லை, எனவே பதில் சொல்ல ஆளில்லை. ஈநோமெம் ("நினைவகம் இல்லை" என்ற பிழை எண்) என்று திருப்பித் தரலாம் என்றால், திரும்பிப் பெற்றுக்கொள்ள ஒரு சிஸ்டம் கால் இல்லை. யூசர்ஸ்பேஸ் நிரல் அடுத்த ஃபிரேமுக்காக ரீடில் படுத்துக் கிடக்கிறது, ஒரு ஃபிரேம் போனது அதற்குத் தெரியாது. செய்தி லாக்கில் விழுகிறது. ஆலையில் ஒரு மூலையில் இருக்கும் பெட்டியின் லாக்கை யாரும் பார்ப்பதில்லை, சில நாளில் பழைய செய்தியின் மேலேயே புதுசு எழுதப்பட்டுவிடும். 23 நாள் கழித்து வரைபடத்தில் ஓட்டை பார்த்த ஒரு பொறியாளர்தான் அந்த "இல்லை"யைக் கேட்ட முதல் மனிதர்.

அதுவரைக்கும் நினைவகம் கேட்பதை நான் ஒரு பொருத்தம் பார்க்கும் வேலையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். தூங்கலாமா? கெர்னல் கொடி. தூங்கக்கூடாதா? அட்டாமிக். ஃபைல்சிஸ்டத்துக்குள்ளே இருக்கிறாயா? நோஎஃப்எஸ். பெரிசா? விமாலாக் (சிதறிய பக்கங்களைக் கோர்த்துத் தரும் ஃபங்ஷன்). கெர்னல் ஆவணத்தில் இருக்கும் வழிகாட்டியும் ஏறக்குறைய இந்த அட்டவணைதான், அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த அட்டவணை எல்லாம் "நான் நிற்கும் இடம் இது" என்பதிலிருந்து தொடங்குகிறது. அந்த இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டுமா என்று அது கேட்பதில்லை. அண்ணன் கேட்டது அதைத்தான். நினைவகம் இல்லை என்ற பதில் என்றைக்காவது வரத்தான் போகிறது. அதை எந்த நேரத்தில், யார் காதில் விழும்படி வாங்கிக்கொள்வது என்பதை நான் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வு முடிந்துவிட்டால் கொடி தானாகவே அமைந்துவிடுகிறது.

தோற்காது என்று நம்பிய காலம்

இந்தக் கண்ணோட்டத்தோடு திரும்பிப் பார்த்தால் கெர்னலின் நினைவகக் கதையில் பல சண்டைகள் இதே கேள்வியைத்தான் சுற்றுகின்றன. எனக்குப் பிடித்தது 2014 டிசம்பரில் நடந்தது. கெர்னலில் வேலை செய்யும் டெட்சுவோ ஹண்டா, ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் ஒரு பிராசஸைக் கொன்று இடம் பிடிக்கும் பகுதி) சிக்கிக்கொள்ளும் ஒரு நிலைமையைத் தோண்டிக்கொண்டிருந்தார். அப்போது பேச்சில் வெளியே வந்தது, சின்ன அளவில் ஜிஎஃப்பி கெர்னல் கொடியோடு கேட்டால் கெர்னல் நடைமுறையில் "இல்லை" என்றே சொல்வதில்லை என்பது. ஆர்டர் 3 வரை, அதாவது 32 கேபி வரை, கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். தேவைப்பட்டால் ஒரு பிராசஸைக் கொன்றாவது கொடுக்கும். டேவ் சின்னர் மாதிரி ஃபைல்சிஸ்டத்தில் ஊறியவர்களுக்கே இது அதிர்ச்சியாக இருந்தது. அவர்கள் பக்கத்தில் நல் வந்தால் எப்படிப் பின்வாங்குவது என்று கவனமாகக் கோடு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கோடு ஓடுவதே இல்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறவர் சுற்றிக்கொண்டே இருப்பார். கொல்லப்பட வேண்டியவரோ அதே பூட்டுக்காகக் காத்திருப்பார். யாரும் நகர மாட்டார்கள்.

சரி, அப்படியானால் சின்ன அளவுகளுக்கும் "இல்லை" சொல்லத் தொடங்கிவிடலாமே என்றால், அதற்கும் துணிவு வரவில்லை. பல வருஷமாக ஓடாத ஆயிரக்கணக்கான பிழைப் பாதைகள் திடீரென்று ஓடத் தொடங்கினால் அவற்றில் எத்தனை சரியாக இருக்கும்? அதைப் படித்தபோது எனக்கு என் ஒற்றை வரி, "நல் வந்தால் திரும்பிப் போ", நினைவுக்கு வந்தது. அதுவும் ஆய்வகத்தில் ஒரு தடவைகூட ஓடாத வரிதான்.

வட்டுக்கு எழுதுவதைக் கவனிக்கும் பிளாக் அடுக்கில் இதே கேள்விக்கு ஒரு அழகான பதில் இருக்கிறது. நினைவகம் தீர்ந்துபோனால் அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் வட்டுக்குப் போகாதவற்றை) வட்டில் எழுதித்தான் இடம் உண்டாக்க முடியும். எழுதுவதற்கு ஒரு பயோ (bio, எதை எங்கே எழுதுவது என்று சொல்லும் கோரிக்கை) வேண்டும். பயோ வைக்க நினைவகம் வேண்டும். கிணற்று மோட்டாரைப் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. குழாயில் காற்றுப் பிடித்துவிட்டால் மோட்டாருக்கே முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் அது தண்ணீர் இழுக்கும். விவரமானவர்கள் அந்த ஒரு குடத்தை எப்போதும் மோட்டார் ரூமில் நிரப்பி வைத்திருப்பார்கள். மெம்பூல் அந்தக் குடம். சாதாரண வழியில் கிடைக்காதபோது மட்டும் அதிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப நிரப்பி வைப்பது. நோஐஓ, நோஎஃப்எஸ் கொடிகளும் இதே வீட்டைச் சேர்ந்தவைதான்: இடம் தேடுகிறேன் என்று என்னையே திரும்ப வந்து கூப்பிடாதே என்று சொல்வது.

யூசர்ஸ்பேசில் வளர்ந்தவர்களுக்கு இது எதுவும் தட்டுப்படுவதில்லை. அதில் அவர்கள் குற்றமும் இல்லை. அங்கே மாலாக் ஏறக்குறைய எப்போதும் "சரி" என்றுதான் சொல்லும். பக்கத்தைத் தொடும்போதுதான் உண்மையான நினைவகம் வரும், இல்லையென்றால் ஓஓஎம் கில்லர் வரும். கெர்னலோ தனக்கென்று வாங்கினால் வாங்கின நேரத்திலேயே மெய்யான பக்கம், அதை ஸ்வாப்புக்கும் அனுப்புவதில்லை. 2021இல் ரஸ்ட் மொழிக்கான முதல் பேட்ச்கள் வந்தபோது லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாக எதிர்த்த விஷயங்களில் ஒன்று, நினைவகம் கிடைக்காவிட்டால் பேனிக் ஆவது, அதாவது அங்கேயே நின்றுபோவது. அது கெர்னலில் செல்லாது என்று நின்றார். இன்று கெர்னல் ரஸ்ட்டில் ஒரு பாக்ஸை (Box, நினைவகம் வாங்கி மதிப்பை வைக்கும் வகை) உருவாக்கும்போதே கொடியையும் சொல்ல வேண்டும், திரும்பி வருவதும் ரிசல்ட் (கிடைத்தது அல்லது பிழை) வகைதான். "இல்லை"யைக் காதில் வாங்காமல் நகரக் கம்பைலர் விடாது. எனக்கு ரஸ்ட்டில் பல விஷயம் பழகவில்லை, இந்த ஒன்றை மட்டும் மனசார வரவேற்கிறேன்.

பதினாறு பஃபர்

டிரைவரைத் திரும்ப எழுத மூன்று நாள் ஆயிற்று. தலைப்பையும் தரவையும் பிரித்தேன். தரவு சரியாக 16 பக்கம், தலைப்பு சின்னதாக ஒரு கேமாலாக். டிஎம்ஏ வருவது வளைய பஃபருக்கு, அது முன்பே தொடர்ச்சியாக வாங்கப்பட்டது. நகலெடுத்து வைக்கும் பஃபரை சிபியு மட்டும்தான் தொடுகிறது. ஆகவே அது பௌதிக முகவரியில் தொடர்ச்சியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேமாலாக் எனக்குக் கொடுத்த அந்தத் தொடர்ச்சியை நான் ஒருநாளும் பயன்படுத்தவில்லை, அதற்கான விலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். விமாலாக் போதும். சிதறிக் கிடக்கும் 4 கேபி பக்கங்களைப் பொறுக்கி, முகவரி அளவில் வரிசையாகத் தைத்துக் கொடுத்துவிடும். 21874 தனி இலைகளும் எனக்குப் பயன்படும்.

ஆனால் விமாலாக்கை டாஸ்க்லெட்டிலிருந்து கூப்பிட முடியாது, அது தூங்கும். அந்தத் தடைதான் எனக்கு நல்லதைச் செய்தது. பஃபர்களை எல்லாம் டிரைவர் ஏறும்போதே, அப்போது ஓடும் புரோப் ஃபங்ஷனில், வாங்கி வைத்தேன். பதினாறு பஃபர், மொத்தம் 1 எம்பி. டாஸ்க்லெட் காலி வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கும். படித்து முடித்ததும் ரீட் அதைத் திருப்பிப் போடும். வரிசை காலி என்றால் ஃபிரேமை விட்டுவிட்டு ஒரு எண்ணியைக் கூட்டும். அந்த எண்ணியின் மதிப்பு ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பிலும் மேலே போகும். ஆக, நினைவகம் இல்லை என்றால் புரோபில் தெரியும், அங்கே பிழை எண்ணைத் திருப்பித் தர ஆள் இருக்கிறது. படிக்கிற நிரல் மெதுவாகிவிட்டால் எண்ணியில் தெரியும். டாஸ்க்லெட்டுக்குள் அலோகேஷன் என்று ஒன்றுமே இல்லை.

குறுக்கீட்டு வேலையைத் தூங்கக்கூடிய ஒரு த்ரெட்டுக்கு மாற்றி ஜிஎஃப்பி கெர்னலோடு கேட்டிருக்கலாமே என்று பின்னால் ஒருவர் கேட்டார். தூங்க முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் நெரிசலான நேரத்தில் எவ்வளவு நேரம் தூங்கும் என்று சொல்ல முடியாது, எனக்கோ 50 மில்லிவினாடிக்கு ஒரு ஃபிரேம் வருகிறது. 2017இல் 4.12இல் வந்த கேவிமாலாக்கும் நல்ல வழிதான். முதலில் தொடர்ச்சியாகக் கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் விமாலாக்குக்குப் போகும். அதற்கு முன் அவரவர் துணை அமைப்பில் அவரவர் இதே உத்தியைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அளவு எப்போதும் ஒன்றேதான், வாங்குவது ஒரே ஒரு முறை, ஆகவே நேரே விமாலாக். தனியாக ஒரு கேமெம் கேஷ் (ஒரே அளவுப் பொருள்களுக்கான கையிருப்பு) உண்டாக்கலாம் என்றும் யோசனை வந்தது. ஜெஃப் பான்விக் 1994இல் சன் ஓஎஸ்ஸுக்கு எழுதிய ஸ்லாப் யோசனை அருமையானது, ஆனால் அது ஒரே மாதிரிப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் பிறந்து மடியும் இடத்துக்கு. கோப்புகளைப் பற்றிய குறிப்பை வைக்கும் ஐநோட், டென்ட்ரி மாதிரி. பதினாறு தலைப்புகளுக்கு அது தேவையில்லை. கெர்னலே மூன்று ஸ்லாப் வகைகளை வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டு, 2023இல் 6.4இல் ஸ்லோபையும் (SLOB) 2024இல் 6.8இல் பழைய ஸ்லாபையும் (SLAB) எடுத்துவிட்டு ஸ்லப் ஒன்றோடு நின்றது. தேவைக்கு மேல் வகை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான்.

எழுதி முடித்ததும் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பாதையை ஓட்டிப் பார்த்தியா?" நினைவக அழைப்புகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாபைப் போட்டு, பத்தில் ஒரு அழைப்பு தோற்கும்படி வைத்து, டிரைவரை இருநூறு தடவை ஏற்றி இறக்கினேன். விடுவிக்காமல் விட்ட நினைவகத்தைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக் 64 கேபி கசிவுகளைப் பட்டியல் போட்டது. ஒன்பதாவது பஃபர் கிடைக்காவிட்டால் முன் வாங்கிய எட்டையும் விடுவிக்க வேண்டும். என் லூப்பில் முதலில் ஒன்றைக் கழித்துவிட்டு, பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று சோதித்திருந்தேன். ஏழு முதல் ஒன்று வரை விடுவித்துவிட்டு, பூஜ்யமாவதை அப்படியே விட்டுவிட்டது. சோதித்துவிட்டுக் கழிக்கும்படி மாற்றினேன். அந்தப் பட்டியலைத் திரையில் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது, களத்தில் பார்த்திருக்க வேண்டியதை மேஜையில் பார்த்தேன்.

ஒன்பதே முக்கால் மணி

புதிய டிரைவர் போன பிறகு ஒன்றரை வருஷம் அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஃபோன். வேறொரு ஆலையில் புதிதாகப் பொருத்த வந்த சர்வீஸ் ஆள், குரலில் எரிச்சல். "சார், பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. டிரைவர் ஏறல, மைனஸ் 12னு வருது." மைனஸ் 12 என்றால் ஈநோமெம். லாக்கைப் படிக்கச் சொன்னேன். "வீமேப் அலோகேஷன் ஃபார் சைஸ் 69632 ஃபெயில்டு" என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். 65,536, அதோடு விமாலாக் பாதுகாப்புக்காகக் கடைசியில் சேர்க்கும் ஒரு 4,096. என் பஃபர்தான்.

"பஃபர் எண்ணிக்கைய ஏதாவது மாத்தினீங்களா?"

"ஆமா சார், பதினாறு கம்மியா இருக்கேன்னு சேஃப்டிக்கு 4096 போட்டேன்."

4096 பஃபர் என்றால் தரவு மட்டுமே 256 எம்பி. அந்த 32 பிட் பெட்டியில் விமாலாக்குக்கு மிச்சம் இருந்த முகவரிகள் அதற்குப் போதவில்லை. ராம் மிச்சம் இருந்தும் முகவரி தீர்ந்துவிட்டது. 64 ஆக்கச் சொன்னேன். லைனில் இருந்தபடியே மாற்றி ரீபூட் செய்தார். பின்னணியில் ஆலைச் சத்தம், யாரோ டீ வேணுமா என்று அவரைக் கேட்கும் குரல்.

"ஏறிடுச்சு சார்," என்றார்.